நமக்காக வாதாடியவர்

1936 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஒரு வழக்கு நடந்தது. லெனினோடு நின்று புரட்சி செய்த ஸினோவியேவ், காமனேவ் உட்பட 16 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். ஸ்டாலினையும் மற்ற தலைவர்களையும் கொல்லச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆவணச் சான்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் அவர்களே சொன்ன ஒப்புதல் வாக்குமூலங்கள்தான். ஒரு வாரத்துக்குள் விசாரணை முடிந்து 16 பேருக்கும் மரண தண்டனை. உடனே சுட்டும் கொன்றுவிட்டார்கள். பார்வையாளர் வரிசையில் லண்டனிலிருந்து வந்த ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருந்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. ஊர் திரும்பியதும், விசாரணை முறையாகத்தான் நடந்தது என்று பத்திரிகையில் எழுதினார், பிறகு தனிப் பிரசுரமாகவும் எழுதி வெளியிட்டார்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1954 ஆகஸ்டில், சிங்கப்பூரில் ஒரு வழக்கு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சோசலிஸ்ட் மன்ற மாணவர்கள் எட்டுப் பேர் மீது அரச நிந்தனைக் குற்றச்சாட்டு. தங்கள் ‘ஃபஜார்’ இதழில் ஒரு தலையங்கம் எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம். அவர்களுக்காக லண்டனிலிருந்து ஒருவர் வந்தார். அரசுத் தரப்பைப் பிரித்து மேய்ந்தார். எதிர்த்தரப்பு சாட்சிகளை அழைக்கவேண்டிய அவசியமே இல்லாமல் எட்டுப் பேரும் விடுதலையானார்கள்.

இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே ஆள். பெயர் டி. என். பிரிட்.

இந்த மனுஷனை என்ன செய்வது என்பதுதான் சில மாதங்களாக என்னைக் குடையும் கேள்வி. நன்றி சொல்வதா, வெறுப்பதா, இல்லை ‘அவர் காலம் அப்படி’ என்று சொல்லித் தாண்டிப் போய்விடுவதா?

*

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். 1887இல் பிறந்தவர். 1927இல் மன்னரின் வழக்கறிஞர் என்ற தகுதி பெற்றவர். அந்தத் தகுதியை வைத்து வணிக நிறுவனங்களுக்கு மட்டும் வாதாடியிருந்தாலே சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளைப் பாருங்கள். 1931இல் பகத் சிங் தரப்பின் மேல்முறையீட்டு மனுவுக்காக லண்டன் பிரிவி கவுன்சிலில் நின்றார், மனு தள்ளுபடியானது. ஹாங்காங்கில் பிடிபட்டு நாடுகடத்தப்பட இருந்த ஹோ சி மின்னின் முறையீட்டை அதே பிரிவி கவுன்சிலில் நடத்தினார். நாஜிகள் ரீச்ஸ்டாக் தீ விபத்தைச் சாக்காக வைத்துக் கம்யூனிஸ்டுகள் மீது பழிபோட்டபோது, 1933இல் லண்டனில் கூடிய மாற்று விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1952-53இல் கென்யாவின் கப்பெங்குரியாவில் ஜோமோ கென்யாட்டாவுக்காக வாதாடினார்.

நாடாளுமன்றத்துக்கு 1935இல் வந்தார். தொகுதி, லண்டனின் வடக்கு ஹாம்மர்ஸ்மித். கட்சி, தொழிற்கட்சி. சோவியத் யூனியன் பின்லாந்துக்குள் படையோடு நுழைந்ததை நியாயப்படுத்தினார் என்பதற்காக 1940இல் கட்சி அவரை வெளியேற்றியது. அவர் அசரவில்லை. 1945 தேர்தலில் சுயேச்சையாக நின்றார். தொழிற்கட்சி நாடெங்கும் அலை அலையாக வென்ற தேர்தல் அது. ஹாம்மர்ஸ்மித்தில் மட்டும் அக்கட்சியின் வேட்பாளரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு பிரிட் ஜெயித்தார். தொகுதி மக்கள் அவரை அவ்வளவு நம்பினார்கள். பிரிட்டைச் சோவியத் பிரச்சாரகர் என்று கடுமையாகச் சாடிய ஜார்ஜ் ஆர்வெல்கூட, தன் குறிப்பேட்டில் அவரைத் தொகுதியளவில் நல்ல எம்.பி. என்றும் திறமையும் துணிச்சலும் உள்ளவர் என்றும் ஒத்துக்கொண்டார். 1950இல் தோற்றார். 1954இல், சிங்கப்பூருக்கு வந்த அதே ஆண்டு, ஸ்டாலின் சமாதானப் பரிசு பெற்றார். 1972இல் இறந்தார். மாஸ்கோ வழக்கைப் பற்றித் தான் சொன்னதைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

ஃபஜார் வழக்கு நமக்கு எவ்வளவு பக்கத்தில் நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். எட்டு மாணவர்களில் ஜேம்ஸ் புதுச்சேரி ஜொகூர் பாருவில் வளர்ந்தவர். கேரளத்தில் வேர் கொண்ட குடும்பம். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இம்பால்வரை போனவர். எம். கே. ராஜகுமார் பின்னாளில் மலாயாத் தொழிற்கட்சியின் தலைவர்களில் ஒருவரானார், உலகக் குடும்ப மருத்துவர்கள் அமைப்பின் தலைவராகவும் இருந்தார். எட்வின் தம்பு இன்று சிங்கப்பூர் ஆங்கிலக் கவிதையின் மூத்த பெயர். பி. அருட்சோதி என்ற தமிழரும் இருந்தார். போ சூ காய் மருத்துவ மாணவர். தண்டனை விழுந்திருந்தால் இந்த வாழ்க்கைகள் எல்லாம் இருபது சொச்சம் வயதிலேயே வேறு திசைக்குப் போயிருக்கும். ஆகவே நான் பேசுவது ஏதோ தூரத்து வெள்ளைக்காரரின் சரித்திரத்தை அல்ல. நம் ஆட்களைக் காப்பாற்றியவரின் கதையை.

*

சாஆவில் ஒட்டுக்கடை ஒன்றில் தே ஓ குடித்துக்கொண்டே ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். தோட்டத்தில் கித்தா மரம் சீவி, பிறகு செம்பனை வந்ததும் அதிலும் வேலைசெய்து ஓய்ந்தவர். அவருடைய அண்ணன் ஐம்பதுகளில் சிங்கப்பூர் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவராம். மாணவர்களுக்காக ஒரு வெள்ளைக்கார லாயர் வந்து ஜெயித்த கதையை அண்ணன் வாயால் கேட்டிருக்கிறார், பெயர்தான் நினைவில்லை. நான் மாஸ்கோ கதையைச் சொல்லி முடித்ததும் சிரித்தார்.

“தம்பி, அன்னிக்கு நமக்குன்னு எவன் வந்தான்? தொர பக்கம் பேச நூறு பேரு. நம்ம பக்கம் பேச ஒருத்தன் வந்தா, அவன் ஊர்ல என்ன செஞ்சான், ரஷ்யாவுல என்ன சொன்னான்னு கேட்டுக்கிட்டா நிப்போம்? ரஷ்யாக்காரனுக்கு அவன் கெட்டவன்னா அத ரஷ்யாக்காரன் பாத்துக்குவான்.”

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மூழ்குகிறவன் கை கொடுப்பவனின் ஜாதகம் கேட்பதில்லை. அரசியல் தூய்மையைப் பற்றிப் பேசுவதற்கே கொஞ்சம் வசதி வேண்டும். தோட்டத்து மக்களுக்கு அந்த வசதி இருந்ததில்லை. பாதுகாப்பான நாற்காலியில் உட்கார்ந்து, எழுபது ஆண்டுகள் கழித்து, பிரிட்டுக்கு மதிப்பெண் போடும் என்னைவிட அந்தப் பெரியவரின் நன்றியுணர்வில் நேர்மை அதிகம்.

ஆனாலும் அவருடைய கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. ‘ரஷ்யாக்காரன் பாத்துக்குவான்.’ அந்த 16 ரஷ்யாக்காரர்களால் எதையும் பார்த்துக்கொள்ள முடியவில்லையே. அவர்களும் மூழ்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்குக் கை கொடுக்கக்கூடிய தூரத்தில், உலகின் மிகச் சிறந்த அரசியல் வழக்கறிஞர்களில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

*

பிரிட்டுக்காக வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ‘அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது.’ தெரிந்தது. அந்த வழக்கில் ஹோல்ட்ஸ்மன் என்பவர், 1932இல் கோப்பன்ஹேகனில் பிரிஸ்டல் ஹோட்டலில் டிராட்ஸ்கியின் மகனைச் சந்தித்ததாக வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு முடிந்த சில நாட்களிலேயே டென்மார்க் சமூக ஜனநாயகக் கட்சியின் பத்திரிகை ஒரு சின்னத் தகவலை வெளியிட்டது. அந்த ஹோட்டலை 1917லேயே இடித்துவிட்டார்கள். இல்லாத ஹோட்டலில் நடந்த சந்திப்பு! 1937இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி தலைமையில் ஒரு குழு மெக்சிகோவுக்கே போய் டிராட்ஸ்கியை விசாரித்து, மாஸ்கோ வழக்குகள் ஜோடிக்கப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தது. 1988இல் சோவியத் உச்சநீதிமன்றமே ஸினோவியேவ், காமனேவ் மீதான தீர்ப்பை ரத்து செய்தது. பிரிட் உயிரோடு இருந்தபோதே மாற்றிச் சொல்லப் போதுமான காரணம் இருந்தது.

இரண்டாவது, ‘பாசிசம் வாசலில் நின்றது, சோவியத் ஒன்றுதான் தடுப்பு, அதை விட்டுக்கொடுக்க முடியாது.’ இது கொஞ்சம் கனமான வாதம். ஹிட்லர் வளர்ந்துகொண்டிருந்த 1936இல் ஒரு இடதுசாரிக்கு இருந்த பயத்தை நாம் இப்போது முழுதாக உணர முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கு மௌனம் போதும். பிரிட் மௌனமாக இல்லை. தன் தொழில் கௌரவத்தை எடுத்துப் போய் அந்தத் தீர்ப்பின் மேல் முத்திரையாகக் குத்தினார். ‘ஒரு பிரிட்டிஷ் மன்னரின் வழக்கறிஞரே நேரில் பார்த்துச் சொல்கிறார்’ என்று உலகம் முழுக்கச் சொல்ல அது பயன்பட்டது.

மூன்றாவது, எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. ‘அவர் போலி. ஆகவே சிங்கப்பூரில் செய்ததும் நாடகம்தான்.’ இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஃபஜார் வழக்கில் அவர் வைத்த வாதம் சரியா தவறா என்பது அவருடைய நடத்தையைப் பொறுத்ததல்ல. அரசை விமர்சிப்பது நிந்தனையாகாது என்பது பிரிட் சொன்னாலும் உண்மை, வேறு யார் சொன்னாலும் உண்மை. அந்த எட்டுப் பேரின் விடுதலையில் கறை எதுவும் இல்லை.

அப்படியானால் மாஸ்கோவில் என்னதான் நடந்தது? கப்பெங்குரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிரிட் ஒவ்வொரு சாட்சியையும் சந்தேகித்தார். நீதிபதியை, இடத்தை, நடைமுறையைக் கேள்வி கேட்டார். சரியாகவே சந்தேகித்தார் என்பது பிறகு தெரிந்தது. முக்கிய சாட்சியே, பொய் சொல்லத் தனக்குச் சன்மானம் கொடுத்தார்கள் என்று பின்னாளில் சத்தியம் செய்தார். அதே ஆள் மாஸ்கோவில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள், வழக்கறிஞர் வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள், ஆகவே சரி என்று ஏற்றுக்கொண்டார். கென்யாவில் ஆறு பேரும் தமக்கு எதிராகத் தாமே ஆர்வத்தோடு வாக்குமூலம் கொடுத்து, வக்கீல் வேண்டாம் என்றிருந்தால் பிரிட் என்ன நினைத்திருப்பார்? அடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்திருப்பார்.

என் வேலை செம்பனை ஆலைகளில். பாய்லரில் இருக்கும் பிரஷர் கேஜைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கழற்றி, தரப்படுத்திய இன்னொரு கேஜோடு ஒப்பிட்டுச் சோதிப்பார்கள். முழுக்கப் பழுதான கேஜால் பெரிய ஆபத்து இல்லை. முள் அசையாது, பார்த்தவுடன் தெரிந்துவிடும், மாற்றிவிடலாம். ஆபத்தானது, குறைந்த அழுத்தத்தில் துல்லியமாகக் காட்டிவிட்டு, எல்லை நெருங்கும்போது மட்டும் குறைத்துக் காட்டும் கேஜ். நூறு முறை சரியாகக் காட்டியதால் நாம் அதை நம்பியிருப்போம். பிரிட் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான். அவருக்கு நீதியுணர்வு இல்லாமல் இல்லை. அபாரமாகவே இருந்தது. காலனிய நீதிமன்றத்தில் அது துல்லியமாக வேலை செய்தது. அவர் நேசித்த தரப்பே நீதிபதியாக உட்கார்ந்தபோதுதான் முள் படுத்துவிட்டது. கென்யாவிலும் சிங்கப்பூரிலும் அவர் சம்பாதித்த நம்பகத்தன்மைக்குப் பின்னால் மாஸ்கோவைப் பற்றிய பேச்சும் ஒளிந்துகொண்டது.

*

இந்தக் கதையில் இன்னொருவர் உண்டு. ஃபஜார் வழக்கில் பிரிட்டுக்கு உதவி வழக்கறிஞராக இருந்தவர் முப்பது வயதான ஒரு சிங்கப்பூர்க்காரர். பெயர் லீ குவான் இயூ. மாணவர்கள் விடுதலையான சில மாதங்களில், 1954 நவம்பரில், மக்கள் செயல் கட்சி பிறந்தது. விடுதலையான மாணவர்களில் சிலரும் அதன் தொடக்கத்தில் பங்கெடுத்தார்கள். 1959இல் லீ பிரதமரானார். 1963 பிப்ரவரி 2ஆம் தேதி, ‘கோல்ட்ஸ்டோர் நடவடிக்கை’ என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டோரை விசாரணையின்றிப் பிடித்து அடைத்தார்கள். பிடிபட்டவர்களில் போ சூ காய் இருந்தார். ஜேம்ஸ் புதுச்சேரியும் இருந்தார்.

1954இல் வெள்ளைக்காரன் போட்ட வழக்கில் அவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவரின் அரசாங்கம், 1963இல் அவர்களை வழக்கே போடாமல் உள்ளே வைத்தது. போ சூ காய் இரண்டு தடவையாக மொத்தம் சுமார் 17 ஆண்டுகள் சிறையில் இருந்தார். ஜேம்ஸ் புதுச்சேரி வெளியே வந்தபின் சிங்கப்பூருக்குள் நுழையவே தடை, காஸ்வேயின் இந்தப் பக்கம் வந்துவிட்டார். இந்தப் பக்கமும் நிலைமை வேறில்லை. ராஜகுமாரை 1966இல் மலேசிய அரசு இசா சட்டத்தில் அடைத்தது.

கசப்பான கணக்கு இது. காலனிய அரசு அவர்களைத் திறந்த நீதிமன்றத்தில் நிறுத்தியது, அவர்கள் ஜெயித்தார்கள். நம்முடைய சொந்த அரசுகள் நீதிமன்றத்துக்கே கொண்டுபோகவில்லை, ஜெயிக்க வழியே இல்லை. இதை வைத்துக் காலனியம் நல்லது என்று வாதிக்க யாரும் வரவேண்டாம். அவசரகாலச் சட்டத்தில் ஆயிரக்கணக்கானோரை விசாரணையின்றி அடைக்கக் கற்றுக்கொடுத்ததே அந்த வெள்ளைக்கார அரசுதான். பார்க்கவேண்டியது வேறு. 1954இல் மேசையின் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு வழக்கறிஞர்களுமே, தங்கள் தரப்பு அதிகாரத்தில் இல்லாதபோது சட்டத்தின் காவலர்கள். தங்கள் தரப்பு நாற்காலியில் இருக்கும்போது ஒருவர் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இன்னொருவர் உத்தரவிலேயே கையெழுத்துப் போட்டார்.

*

இதையெல்லாம் லண்டன், மாஸ்கோ, சிங்கப்பூர் என்று தூரத்தில் வைத்துப் பேசிவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் நம் வாசலுக்கு வருவோம்.

2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை இசாவில் பிடித்துக் கமுந்திங்கில் அடைத்தபோது நம் வீடுகளில் எல்லாம் அதே பேச்சு. விசாரணை இல்லாமல் ஒரு மனிதனை எப்படி அடைக்கலாம் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். 2012இல் இசா போனது, சொஸ்மா வந்தது. 28 நாள்வரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் போலீஸ் வைத்திருக்கலாம். அதன்பின் வழக்கு முடியும்வரை ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரை அதே சட்டத்தில் பிடித்தார்கள். மறுபடி நாம் கொதித்தோம். 2020 பிப்ரவரியில் குற்றச்சாட்டுகளை அரசுத் தலைமை வழக்கறிஞர் மீட்டுக்கொண்டார். நாம் பெருமூச்சு விட்டு, சொஸ்மாவை மறந்துவிட்டோம்.

அதே சட்டத்தில் ஐ.எஸ். தொடர்பு என்று பிடிபட்ட மலாய் இளைஞர்களுக்காக நம்மில் எத்தனை பேர் ஒரு வரி எழுதினோம்? 2013 லகாட் டத்து ஊடுருவலில் பிடிபட்டவர்களுக்காக? அவர்களில் உண்மையான குற்றவாளிகள் இருந்திருக்கலாம். இருக்கலாம் என்பதற்காகத்தானே விசாரணை என்ற ஒன்றே இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவேண்டாம். குண்டர் கும்பல் என்று சொஸ்மாவில் பிடிபடும் நம் பையன்களின் மனைவிமாரும் அம்மாமாரும் சுங்கை பூலோ சிறைக்கு வெளியே உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். அவர்கள் தமிழர்கள்தான். ஆனால் நம் படித்த வட்டத்துக்கு அவர்கள் ‘நம்ம ஆளு’ இல்லை. ‘சும்மாவா புடிப்பான், ஏதாச்சும் செஞ்சிருப்பான்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி, அத்தோடு முடிந்தது. மாஸ்கோவில் பிரிட் எழுதியதைச் சுருக்கினால் ஏறக்குறைய இதே வரிதான் கிடைக்கும்.

எனவே பிரிட்டை நிதானமாக வெறுக்கும் உரிமை எனக்கு அவ்வளவாக இல்லை. அவர் ஒரு விசித்திரப் பிராணி என்றால் விட்டுவிடலாம். அவர் நம்மைப் போன்றவர், நம்மைவிடத் துணிச்சலானவர், நம்மைவிட அதிகம் இழக்கத் தயாராக இருந்தவர். கட்சியை இழந்தார், பதவிக்கான வாய்ப்பை இழந்தார். அப்படிப்பட்டவருக்கே ஒரு தரப்பைக் கண்மூடி நேசித்ததில் கண் போனது என்றால் நமக்கு என்ன உத்தரவாதம்?

*

நன்றி சொல்வதா என்ற கேள்விக்கு வருகிறேன். சொல்லவேண்டும். பெரியவர் சரி. எட்டுப் பேரின் விடுதலைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், கடனை மறுப்பது அற்பத்தனம். ஆனால் நன்றிக்கடனைத் தீர்க்க ஒரே வழி, கொடுத்தவரை எல்லா இடத்திலும் தூக்கிப் பிடிப்பதுதான் என்று நாம் பழகிவிட்டோம். நமக்கு உதவியவரின் தவற்றைச் சொன்னால் துரோகம். தலைவர்கள் விஷயத்தில், சங்கங்கள் விஷயத்தில், எழுத்தாளர்கள் விஷயத்தில்கூட இதே பழக்கம். பிரிட் சோவியத்துக்குச் செய்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். பசியும் வேலையின்மையும் இருந்த உலகில் தொழிலாளிக்கென்று ஒரு நாடு இருக்கிறது என்ற நன்றி அவருக்கு. அந்த நன்றியைச் செலுத்த அவர் தேர்ந்தெடுத்த வழி, அதன் கொலைகளுக்குச் சாட்சி சொல்வது.

வேறு வழியும் உண்டு. அவர் சிங்கப்பூரில் நமக்காகப் பிடித்த சட்டப் புத்தகத்தை, அவர் பிடிக்கத் தவறிய இடத்தில் நாம் பிடிக்கலாம். ஸினோவியேவ் நல்லவரா என்றால், இல்லை. அதிகாரத்தில் இருந்தபோது அவர் கையிலும் ரத்தம் இருந்தது. நமக்குப் பிடிக்காத ஆளுக்கும் குற்றச்சாட்டு என்ன, சான்று என்ன, வக்கீல் எங்கே என்று கேட்பதுதான் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கம்.

அடுத்த முறை சொஸ்மாவில் பிடிபட்டவர்கள் என்று செய்தி வரும். வழக்கம்போல நம் கண் முதலில் பெயர்களைத்தான் தேடும். தேடட்டும், அது மனித சுபாவம். ஆனால் நம் பெயர் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு, போனை மடியில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதா, அந்த நான்கு கேள்விகளையாவது உரக்கக் கேட்பதா: எங்கே வைத்திருக்கிறார்கள், எத்தனை நாளாக, என்ன சான்று, யார் வாதாடுகிறார்கள்?